மலம்புழை யட்சியும் நமது கடமையும்

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று சங்கத்துச் செயலாளர் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று நாம் நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். கோயில்களைப் பற்றியும் காப்பியங்களைப் பற்றியும் எழுதுவதற்குக் கற்றறிந்த பெருமக்கள் நம் சங்கத்தில் பலர் உளர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, பகலெல்லாம் கோப்புகளோடும் பதிவேடுகளோடும் காலங்கழிக்கும் ரயில்வே எழுத்தராகிய நமக்கு அத்தகைய பொருள்கள் எட்டா. ஆயினும், நம் ஒலவக்கோட்டு ரயில்வே காலனியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருப்பதும், ஊரிலிருந்து உறவினர் வரும்போதெல்லாம் நாம் அழைத்துச் சென்று காட்டுவதும், காட்டிவிட்டு அதன் வரலாறு சொல்லத் தெரியாமல் விழிப்பதுமான ஒரு பொருள் உண்டு. மலம்புழை அணைக்கட்டுப் பூங்காவில் அமர்ந்திருக்கும் யட்சி சிலையே அது.

முப்பதடி உயரமுள்ள அச்சிலையை அறியாதார் நம்மில் எவருமிலர். கால்களை அகல நீட்டி, கைகளை உயர்த்தித் தன் கூந்தலைப் பற்றி, கண்கள் பாதி மூடிய நிலையில் அவள் அமர்ந்திருக்கிறாள். உடலில் ஆடையில்லை. அது காரணமாகவே நம் குடும்பத்தினர் அவ்விடத்தைச் சற்று விரைந்து கடப்பது வழக்கம். பிள்ளைகளின் கவனத்தைப் பூக்களின்மீதும் நீரூற்றின்மீதும் திருப்பிவிட்டு, நாமும் வேறு திசை நோக்குவோம். மாற்றலாகி இவ்வூர் வந்த நாள் முதல் பல ஆண்டுகள் நாமும் அவ்வாறே செய்து வந்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அவ்வழக்கத்தை மாற்றியவர் நம் அத்தையார். நெல்லைச் சீமையிலிருந்து ஒருமுறை அவர் வந்திருந்தபோது மலம்புழைக்கு அழைத்துச் சென்றோம். சிலையின் அருகே வந்ததும் நாம் வழக்கம்போல் நடையை விரைவுபடுத்தினோம். அத்தையாரோ நின்றுவிட்டார். தலையை அண்ணாந்து நெடுநேரம் நோக்கினார். பிறகு, "ஏலே, இவ நம்ம இசக்கி மாதிரில்லா இருக்கா! கையிலே பிள்ளையை மட்டும் காணோமே?" என்று கேட்டுவிட்டு, காலணியைக் கழற்றி வைத்துக் கைகூப்பினார். உடனிருந்த பிள்ளைகள் நகைத்தனர். நமக்கு நகைப்பு வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அம்முதியவர் ஒரு நொடியில் கண்டுகொண்டதை நாம் இத்தனை ஆண்டுகள் காணாதிருந்தோமே என்ற வெட்கமே மிஞ்சியது. அன்று தொடங்கி இச்சிலையைப் பற்றிக் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் அணையைப் பற்றிச் சில சொற்கள். நாம் இன்று கேரளத்தில் வாழ்கின்றோம். ஆனால் மலம்புழை அணை கேரள அரசு கட்டியது அன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் பிறக்கும்வரை பாலக்காடு உள்ளிட்ட மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்ததாக இருந்தது. சென்னை அரசே 1949-இல் இவ்வணை வேலையைத் தொடங்கிற்று. 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள், அன்றைய சென்னை முதலமைச்சர் காமராசர் அணையைத் திறந்து வைத்தார். இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள இவ்வணை, பாரதப்புழையின் கிளையாறொன்றைத் தடுத்துப் பாலக்காட்டு வயல்களுக்கு நீர் வழங்குகிறது. நம் காமராசர் திறந்த அணை நம் வீட்டு வாசலில் இருப்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

இரண்டாம் உலகப் போர் முடிந்து, நாடும் விடுதலை பெற்ற அக்காலத்தில் எங்கும் அணைகளும் ஆலைகளும் அலுவலக மாளிகைகளும் எழுந்தன. பக்ரா நங்கல் அணையைக் கண்ட நேரு பெருமகனார் இத்தகைய பணிகளைப் புதிய காலத்தின் கோயில்களாகப் போற்றியதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கின்றோம். கோயில் என்றால் சிற்பம் வேண்டுமன்றோ? பழைய கோயிலுக்கு வாயிற்காவலரும் தூண் பாவைகளும் இருந்தமைபோல, புதிய கட்டடங்களுக்கும் கலைஞரின் கைவண்ணம் வேண்டும் என்ற எண்ணம் அரசினரிடையே அன்று தோன்றிற்று. புது தில்லியில் ரிசர்வ் வங்கி மாளிகை எழுந்தபோது, அதன் வாயிலில் நிற்பதற்கு யட்சனும் யட்சியுமாக இரு பெரும் கற்சிலைகளைச் செய்யும் பணி சாந்திநிகேதனத்துச் சிற்பி ராம்கிங்கர் பைஜ் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏற்ற கல்லைத் தேடி அவர் இமயமலை அடிவாரம்வரை சென்றார். 1950-களில் தொடங்கிய வேலை 1960-களிலேதான் முடிவுற்றது. அந்த யட்சிக்கு ஆடை இல்லாமை பற்றி மாநிலங்களவையிலும் கேள்வி எழுந்தது. எனவே மலம்புழையில் நேர்ந்தது புதிதன்று.

இனி மலம்புழைச் சிற்பியைக் காண்போம். காசர்கோடு பகுதியைச் சேர்ந்த கானாயி குஞ்ஞிராமன் அவர்கள் 1937-இல் பிறந்தவர். சிற்பம் பயில அவர் வந்த இடம் சென்னை எழும்பூருக்கு அருகில் உள்ள அரசினர் கலைப் பள்ளி. 1850-இல் தோன்றிய தொன்மையான கலைக்கூடம் அது. சென்னைக் கடற்கரையில் நால்வர் பாறையைப் புரட்டும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி அங்கே நெடுங்காலம் முதல்வராக இருந்தவர். அவருக்குப்பின் முதல்வரானவர் கோயம்புத்தூரில் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர். 1966-இல் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை நிறுவியவரும் அவரே. அத்தகையோர் நடத்திய பள்ளியில் பயின்ற கானாயி, 1965-இல் இலண்டன் சென்று ஸ்லேடு கலைப் பள்ளியில் ரெக் பட்லர் என்னும் சிற்பியிடம் பயின்றார். போருக்குப்பின் ஐரோப்பாவில் புகழ்பெற்ற சிற்பிகளுள் பட்லர் ஒருவர். பெயர் அறியாத அரசியல் கைதிக்கு நினைவுச் சின்னம் அமைக்க 1953-இல் நடந்த அனைத்துலகப் போட்டியில் முதற் பரிசு பெற்றவர்.

ஆகவே மலம்புழை யட்சி 1969-இல் எழுந்தபோது, சென்னை கற்பித்த கையும் இலண்டன் திறந்த கண்ணும் மலையாள மண்ணின் நம்பிக்கையும் அதில் ஒன்று கூடின. பாலை மரத்தில் குடியிருந்து, இரவில் தனி வழி செல்வோரிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு மயக்குபவள் என்று மலையாள நாட்டார் கதைகள் யட்சியைப் பற்றிக் கூறும். கேட்போர் அஞ்சும் அக்கதையை எடுத்துக்கொண்டு, சிற்பி அச்சந்தரும் பேயைச் செய்யவில்லை. மலையும் நீரும் சூழ்ந்த இடத்தில், மண்ணைப்போலவே தடையின்றி வீற்றிருக்கும் பேருருவம் ஒன்றைச் செய்தார். ஊரார் சிலர் எதிர்த்தனர். ஆடையில்லாச் சிலை பொது இடத்தில் ஆகுமா என்று வினவினர். எனினும் சிற்பி தம் கருத்தினின்று பிறழாது வேலையை முடித்தார். இன்று அதே சிலைதான் மலம்புழையின் அடையாளமாக நிற்கிறது.

நிற்க. நம் அத்தையார் சொன்ன இசக்கியும் இந்த யட்சியும் ஒருவரா என்று சிலர் கேட்கலாம். வடமொழியில் யட்சி என்பதைத் தமிழ் இயக்கி என்று வழங்கிற்று. அதுவே நாட்டுப்புறத்தில் இசக்கி ஆயிற்று. மதுரையின் புறஞ்சேரியில் மாதரி என்னும் இடைக்குல மூதாட்டி இயக்கிக்குப் பால் படைத்துத் திரும்பும் வழியில்தான் கண்ணகியைக் காண்கிறாள் என்பது சிலப்பதிகாரத்துச் செய்தி. சமண சமயத்தில் தீர்த்தங்கரர்களுக்குக் காவலாக இயக்கியர் உண்டு. பாலக்காட்டு ஜைனிமேட்டில் பழைய சமணக் கோயில் ஒன்று இன்றும் உளது. குமரி, நெல்லை மாவட்டங்களில் பிள்ளையை ஏந்திய இசக்கிக்கு மண் உருவம் செய்து நேர்த்திக்கடன் செலுத்துவதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். ஆக, மலம்புழையில் அமர்ந்திருப்பவள் நமக்கு அயலாள் அல்லள். ஈராயிரம் ஆண்டு உறவு உடையவள்.

இதுவரை கூறியது பழம்பெருமை. இனிக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். அச்சிலை இன்னும் எத்தனை ஆண்டு நிற்கும்?

கருங்கல் தானே நிற்கும். கான்கிரீட் தானே நில்லாது. கான்கிரீட்டின் உள்ளே எலும்புபோல் இரும்புக் கம்பிகள் இருக்கும். புதிய கான்கிரீட்டுக்குள்ள காரத்தன்மை அக்கம்பிகளைத் துருவினின்று காக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லக் காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உட்புகுந்து அக்காரத்தன்மையைக் குறைக்கிறது. வெடிப்பின் வழியே மழைநீரும் இறங்குமாயின் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட மிகுந்த இடங்கொள்ளும் பொருள். அது உள்ளிருந்தே கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். பாலக்காட்டுக் கோடை வெயிலையும், கணவாய்க் காற்றையும், தென்மேற்குப் பருவமழையையும் மாறி மாறித் தாங்கும் திறந்தவெளிச் சிலைக்கு இவ்விடர் இயல்பாகவே உண்டு. 2019-இல் யட்சிக்குப் பொன்விழா எடுத்தபோது, கானாயி அவர்களே மலம்புழைக்குத் திரும்பி வந்து, ஐம்பது ஆண்டுக்குமுன் தாம் படைத்த சிலையைச் செப்பனிடும் பணியை முன்னின்று செய்தார். படைத்தவர் கையாலேயே பழுது நீங்கப் பெறுவது எந்தச் சிலைக்கும் பெரும்பேறு. ஆனால் அப்பேறு எக்காலத்தும் வாய்க்காது.

சட்டம் காக்காதா என்று கேட்கலாம். நினைவுச் சின்னங்களைப் பாதுகாக்கும் மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பொருள் நூறாண்டுக்குக் குறையாமல் நின்றிருந்தால்தான் தொன்மைச் சின்னம் ஆகும். அக்கணக்கின்படி யட்சிக்கு அத்தகுதி வருவது 2069-இல். அதுவரை அவள் பழமையும் அல்லள், புதுமையும் அல்லள். திறப்பு விழா மாலையும் வாடிவிட்டது; தொல்பொருள் வேலியும் வரவில்லை. நாற்பதைக் கடந்த நம்மைப்போல, இளைஞருக்குள்ள சலுகையும் முதியோருக்குள்ள மதிப்பும் இல்லாத நடுவயது அது. பொதுச் சிலைகள் பெரும்பாலும் அழிவது இந்த நடுவயதிலேதான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய துன்பமன்று. இங்கிலாந்தில் போருக்குப்பின் பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் பூங்காக்களிலும் ஏராளமான சிலைகள் நிறுவப்பட்டன. இலண்டன் மாநகர ஆட்சிமன்றம் 1956 முதல் ஆண்டுக்கு 20,000 பவுன் வரை கலைப்படைப்புகளுக்கென ஒதுக்கிற்று. செல்வந்தரின் மாளிகைக்குள் இருந்த கலை, தொழிலாளர் பிள்ளைகள் விளையாடும் முற்றத்துக்கு வந்தது. ஐம்பது ஆண்டு கழிந்ததும் அவற்றுட் பல காணாமற்போயின. சில கட்டடங்களோடு இடிக்கப்பட்டன, சில திருடப்பட்டன. பார்பரா ஹெப்வொர்த் என்னும் பெண் சிற்பி செய்த வெண்கலச் சிற்பத்தை 2011 டிசம்பரில் தெற்கு இலண்டன் டல்லிச்சுப் பூங்காவிலிருந்து திருடர்கள் அறுத்தெடுத்துச் சென்றனர். அதன்பின் விழித்துக்கொண்ட இங்கிலாந்தின் பாரம்பரியக் காப்பு நிறுவனம், 2016-இல் போருக்குப் பிற்பட்ட 41 பொதுச் சிற்பங்களைப் பாதுகாப்புப் பட்டியலில் ஏற்றச் செய்தது. அங்கே ஒரு படைப்பு பட்டியலேற முப்பது ஆண்டு அகவையே பொதுவாகப் போதும். நமக்கோ நூறு.

கேரளத்திலேயே மற்றொரு சான்று உண்டு. திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் 87 அடி நீளமுள்ள சாகரகன்னியகா என்னும் கடற்கன்னிச் சிலையையும் செய்தவர் கானாயி அவர்களே. அச்சிலையின் அருகே பழைய ஹெலிகாப்டர் ஒன்றைக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தனர். சிலையின் சூழலே கெட்டுவிட்டதென்று சிற்பி வருந்தினார். 2022-இல் மாநில அரசு அவருக்குக் கேரள ஸ்ரீ விருதை அறிவித்தபோது, தம் படைப்புகளின் அழகு கெடுக்கப்படுவதைச் சுட்டிக்காட்டி அவ்விருதை ஏற்க மறுத்துவிட்டார். எனக்கு மாலை வேண்டா, என் சிலைகளைப் பேணுங்கள் என்பதே அம்மறுப்பின் பொருள் எனக் கொள்ளலாம். சிலையை உடைப்பது மட்டுமே அழிவன்று. அது நிற்கும் வெளியைப் பறிப்பதும் அழிவே என்னும் பாடத்தை நாம் இதனின்று கற்கின்றோம்.

நம் சங்கத்தாருள் சிலருக்கு இடுக்கிப் பகுதித் தோட்டங்களிலும் உறவினர் உளர். அவர்களுக்கும் இச்செய்தி பொருந்தும். ஏறத்தாழ 169 மீட்டர் உயரமுள்ள இடுக்கி அணை, குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் இடையே வில்போல் வளைந்து நிற்கிறது. 1976-இல் இந்திரா காந்தி அம்மையார் அதனைத் தொடங்கி வைத்தார். அக்குறவனுக்கும் குறத்திக்கும் கம்பம் பள்ளத்தாக்கை நோக்கிய ராமக்கல்மேட்டில் பெருஞ்சிலை எழுப்பியுள்ளனர். தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வருவோரை முதலில் வரவேற்பவர்கள் அவர்களே. ஓயாத காற்றும் பனியும் மழையும் அங்கே மிகுதி. மலம்புழை யட்சிக்கு வேண்டிய கவனிப்பு அவர்களுக்கும் வேண்டும்.

என்ன செய்தால் இவை நிற்கும்? நாம் பொறியாளரும் அல்லோம், கலைஞரும் அல்லோம். ஆயினும் ரயில்வேயில் கற்ற ஒன்றைச் சொல்லத் துணிகின்றோம். நம் ரயில் பாதையில் எத்தனையோ பாலங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. பதிவேட்டில் அதற்கெனத் தனிப் பக்கம் உண்டு. ஆண்டுதோறும் பார்வையிட்டுக் கண்டவற்றை எழுதியாக வேண்டும். இரும்புப் பாலமாயின் வண்ணம் பூசிய காலத்தை அதன் மீதே எழுதி வைப்பதை, வண்டியிற் செல்லும்போது நீங்களும் பார்த்திருக்கலாம். வெள்ளைக்காரன் காலத்துப் பாலங்களும் நிற்பது இரும்பின் வலிமையால் மட்டுமன்று. அந்தப் பதிவேட்டின் வலிமையாலும் ஆகும். பார்த்தவர் மாறினாலும், ஓய்வு பெற்றாலும், பக்கம் மாறுவதில்லை. நேற்றுக் கண்ட மயிரிழை வெடிப்பு இன்று விரல் அகலம் ஆயிற்றா என்பதை அது சொல்லிவிடும்.

சிலைக்கும் அத்தகைய ஒரு பக்கம் வேண்டும். எப்போது யார் செய்தது, எந்தக் கலவை, எந்த அளவு என்பன அதில் முதலில் இருக்க வேண்டும். நாற்புறமும் எடுத்த புகைப்படங்கள் ஆண்டுதோறும் சேர வேண்டும். பாசி படர்ந்தால் கழுவுவது, வெடிப்புக் கண்டால் நீர் இறங்குமுன் அடைப்பது, சிற்பியின் கருத்தறியாது கண்ட வண்ணத்தைப் பூசாதிருப்பது, அருகே கடையோ விளம்பரப் பலகையோ முளைக்க விடாதிருப்பது ஆகியவை அதன் விதிகளாக வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. கவனம் ஒன்றே வேண்டும்.

கவனத்தைக் கொடுக்க வேண்டியவர் அதிகாரிகள் மட்டும் அல்லர். நாள்தோறும் காண்போர் நாமே. பொதுச் சொத்து என்றால் எவருக்கும் சொந்தமில்லாதது என்று கொள்வது ஒரு பொருள்; நமக்குச் சொந்தமானது என்று கொள்வது மற்றொரு பொருள். எப்பொருளைக் கொள்வது என்பதில்தான் சிலையின் ஆயுள் இருக்கிறது. பிழைப்புக்காக வந்தவர்கள் தாமே, இவ்வூர்ப் பொருள் நமக்கென்ன என்று நம்மில் சிலர் எண்ணக்கூடும். சென்னை மாநிலம் கட்டிய அணை, காமராசர் திறந்த அணை, சென்னையில் பயின்ற சிற்பி, சிலம்பில் வந்த இயக்கி என்று அடுக்கிப் பார்த்தால், மலம்புழையில் நாம் விருந்தினர் அல்லோம், வீட்டார் ஆகின்றோம். வீட்டார்க்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

ஆகவே சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நம் பிள்ளைகளை உல்லாசப் பயணம் அழைத்துச் செல்கின்றோம். வரும் ஆண்டு முதல் ஒரு நாளை மலம்புழைக்கென ஒதுக்குவோம். பிள்ளைகள் யட்சியின் முன் விரைந்து செல்லாது நின்று பார்க்கட்டும். 1955, 1969 என்னும் இரண்டு ஆண்டுகளையும், அவற்றுக்கு உரிய பெயர்களையும் அவர்களுக்குச் சொல்வோம். வரைபவர் வரையட்டும், புகைப்படம் எடுப்பவர் எடுக்கட்டும். எடுத்த படங்களை ஆண்டு வாரியாக ஒட்டி, கண்ட வெடிப்பையும் கறையையும் குறித்து, நம் சங்க நூலகத்தில் ஒரு பதிவேடாக வைப்போம். அதன் படியொன்றை உரிய அலுவலகத்துக்கும் அனுப்பி வைப்போம். முதற் பக்கத்தை எழுதித்தர நாம் ஆயத்தமாக உள்ளோம்.

நம் அத்தையார் இன்று இல்லை. அவர் கழற்றி வைத்த காலணியும் கூப்பிய கையும் கண்ணில் நிற்கின்றன. அவ்வளவு பெரிய மரியாதையை எல்லாரும் செய்ய வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது முகத்தைத் திருப்பாமல் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். ஏதேனும் வெடிப்புக் கண்டால் வந்து சொல்லுங்கள், பதிவேட்டில் எழுதிக்கொள்வோம்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!